இரண்டாம் முறை பார்த்தால் 'பீட்சா' ஒரு காதல் காமெடி!

ராஜபாளையத்தில் பிறந்த ஹீரோ, விருதுநகரில் பிறந்த இயக்குநர், பதினோரு வருட இடைவெளியில் இரண்டு டெலிவரி இளைஞர்கள்... பட்டாசு மண்ணில் நின்று பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு கதை!

2012-ம் ஆண்டு தீபாவளிக்கு ரசிகர்கள் எதிர்பார்த்திருந்த படம் விஜய் நடித்த 'துப்பாக்கி'. அதற்கு மூன்றரை வாரம் முன்னால், அக்டோபர் 19 அன்று, சத்தமில்லாமல் ஒரு சின்னப் படம் வந்தது. பெரிய ஹீரோ இல்லை. இயக்குநருக்கு அது முதல் படம். வெளிநாட்டு டூயட் இல்லை, நூறு பேர் ஆடும் குத்துப்பாட்டு இல்லை. ஒரு பீட்சா கடை, ஒரு சின்ன வாடகை வீடு, ஒரு பங்களா. முக்கால்வாசிப் படம் இந்த மூன்று இடங்களுக்குள்ளேயே முடிந்துவிடும்.

படத்தின் பெயர் 'பீட்சா'.

பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, 'செம பேய்ப் படம்ப்பா' என்பதைத்தான். டார்ச் வெளிச்சத்தில் ஹீரோ பங்களாவுக்குள் தட்டுத்தடுமாறும் காட்சிகளில் தியேட்டரே நாற்காலி நுனிக்கு வந்தது. கன்னடத்தில் 'விசில்', வங்காளத்தில் 'கல்ப ஹோலேயோ சத்தி', இந்தியில் அதே 'பீட்சா' என்று அடுத்த இரண்டு வருடங்களில் மூன்று மொழிகளுக்கும் போனது. எல்லா இடத்திலும் அதை விற்றது பேய்தான்.

ஆனால் படத்தின் முடிவு தெரிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவகாசமாக உட்கார்ந்து இன்னொரு தடவை பாருங்கள். பேய் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் வாடகைக்குத் திண்டாடும் ஒரு டெலிவரி பையனும், அவனை நம்பி வந்த ஒரு பெண்ணும், இருவரும் சேர்ந்து முதலாளிக்குச் சுற்றிய காது நிறையப் பூவும் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு காதல் காமெடி.

கேஷியராக இருந்த ஹீரோ

அந்த டெலிவரி பையன் மைக்கேலாக நடித்தவர் விஜய் சேதுபதி. பிறந்தது விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் நூற்பாலைகள், நாட்டு நாய்க்குப் பேர்போன ஊர். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிட்டார். வடசென்னையில் எண்ணூர் வாழ்க்கை. கல்லூரியில் படித்தது பி.காம்.

நடிப்புக்கு வருவதற்கு முன்பு அவர் பார்த்த வேலைகளின் பட்டியல் கொஞ்சம் நீளம். ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன், துரித உணவகத்தில் கேஷியர், டெலிபோன் பூத்தில் ஆபரேட்டர், சிமென்ட் மொத்த வியாபாரத்தில் கணக்கு உதவியாளர். பிறகு துபாயில் அக்கவுன்டன்ட். 2003-ல் திரும்பி வந்தவர், கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்தார். அங்கே நடிகர்களைப் பக்கத்திலிருந்து கவனித்ததுதான் பாடம். சின்னச் சின்ன வேடங்கள், கார்த்திக் சுப்புராஜ் உள்ளிட்டவர்களின் குறும்படங்கள் என்று வருடங்கள் ஓடின. 2010-ல் சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று' அவரைக் கதாநாயகன் ஆக்கியது. தேசிய விருது பெற்ற படம் அது. ஆனாலும், ஊர் அவரை அடையாளம் கண்டுகொண்டது 'பீட்சா'வுக்குப் பிறகுதான்.

'பீட்சா'வில் அவர் நடந்து வரும் விதத்தைக் கவனியுங்கள். ஹீரோ நடை இல்லை. தோள் லேசாகச் சரிந்திருக்கும். முதலாளி கூப்பிட்டால் பதில் சொல்லும் முன்பே உடம்பு ஓர் அடி முன்னால் போய்விடும். கல்லாவுக்குப் பின்னால் நின்று வேலை பார்த்த ஒருவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இயக்குநர் கார்த்திக் சுப்புராஜின் கதையும் சுவாரஸ்யமானது. மதுரைக்காரர், சாஃப்ட்வேர் இன்ஜினீயர், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் கவனம் பெற்றவர். அவர் முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அந்தக் கதைக்குத் தேவையான அளவுக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. சரி, சின்ன பட்ஜெட்டில் முடிகிற மாதிரி ஒரு கதை எழுதுவோம் என்று உட்கார்ந்து எழுதியதுதான் 'பீட்சா'. தயாரித்தவர் சி.வி.குமார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பா.இரஞ்சித்தின் 'அட்டகத்தி' என்ற காதல் காமெடியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். இரண்டுக்கும் இசை, அப்போதுதான் அறிமுகமாகியிருந்த சந்தோஷ் நாராயணன்.

ஆக, கையில் காசு இல்லாத ஓர் இயக்குநர், கையில் காசு இல்லாத ஒரு டெலிவரி பையனைப் பற்றி எழுதினார். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே ஒரு முதலீடு: ஒரு நல்ல கதை.

அனு எழுதிய கதை

(படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி, அடுத்த துணைத் தலைப்புக்குப் போய்விடலாம்!)

மைக்கேலும் அனுவும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். அனுவாக ரம்யா நம்பீசன். பேய்க் கதை எழுத வேண்டும் என்பது அனுவின் ஆசை. அதற்காகப் புத்தகமும் படமுமாகப் படித்துத் தள்ளுகிறாள். மைக்கேலுக்குப் பேய் என்றால் சிரிப்பு. அனு கர்ப்பமாகிறாள். முதலில் மிரண்டுபோகும் மைக்கேல், பிறகு அவளைத் திருமணம் செய்துகொள்கிறான். சம்பளம் அதே சம்பளம்தான். செலவு மட்டும் வளரப்போகிறது.

இந்த நேரத்தில்தான் முதலாளி கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலத்தில் வைரங்கள் இருப்பதை மைக்கேல் பார்த்துவிடுகிறான். எடுத்துக்கொண்டு ஓடினால் மாட்டிக்கொள்வான். என்ன செய்வது? அனுவை முன்னால் அனுப்பிவிட்டு, தான் மட்டும் கடையிலேயே தங்கி, உடம்பெல்லாம் ரத்தக் காயத்தோடு வந்து நின்று, 'டெலிவரிக்குப் போன பங்களாவில் பேய்... அனுவைக் காணோம்' என்று ஒரு கதையைச் சொல்கிறான். நாம் முக்கால் மணி நேரம் வியர்த்து விறுவிறுத்துப் பார்த்தது அந்தக் கதையைத்தான்.

முதலாளி ஏன் அதை நம்புகிறார்? அவர் வீட்டிலேயே மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்ற பயம் இருக்கிறது. அது மைக்கேலுக்குத் தெரியும். டெலிவரி பையனாக அந்த வீட்டு வாசல் வரை போனவன் அவன். முதலாளியின் கண்ணுக்கு மைக்கேல் ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஒரு பைக். மைக்கேல் கண்ணுக்கு முதலாளியின் மொத்தக் குடும்பமும் தெரியும்.

படத்தின் நிஜமான காமெடி இங்கேதான் இருக்கிறது. தன் கடைப் பையனுக்கு இவ்வளவு கற்பனை இருக்கும் என்று முதலாளிக்குத் தோன்றவே இல்லை. பயந்த முகத்தோடு ஒருத்தன் வந்து நின்றால், அவன் நடிக்கிறான் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏழை நடிக்க மாட்டான் என்பது பணக்காரர்களின் பழைய மூடநம்பிக்கை.

நிஜமான காதலும் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பேய்க் கதையை அவன் தனியாக எழுதவில்லை. பக்கம் பக்கமாகப் பேய்க் கதை படித்தவள் அனு. அவள் கற்பனையை அவன் தன் உடம்பில் காயமாக எழுதிக்கொண்டு வந்து நடிக்கிறான். படம் முழுக்க இரண்டு பேரும் பூங்காவில் கைகோத்து நடக்கவில்லை. ஆனால் ஒருத்தி எழுத, ஒருத்தன் நடிக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முதலாளியை ஏமாற்றுகிறார்கள். சமீபத்திய தமிழ்ப் படங்களில் இதைவிட நெருக்கமான ஜோடியைக் காட்டுவது கஷ்டம்.

கடைசிக் காட்சியில் கார்த்திக் சுப்புராஜ் மறுபடியும் ஒரு கதவை மூடி நம்மைப் பயமுறுத்தி அனுப்புகிறார். அது பேய்ப் படத்துக்கு அவர் செலுத்திய வரி.

குரோஸ் கணக்கும் ஆர்டர் கணக்கும்

இந்தக் கதையை விருதுநகர் மாவட்டத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை பொய்க்கிற கரிசல் பூமியில் அது பெரிய பிழைப்புக்கு வழி செய்தது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு, பட்டாசு லேபிளுக்குப் பின்னால் அச்சகம், அச்சகத்துக்குப் பின்னால் காலண்டரும் அட்டைப்பெட்டியும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டிய சினிமா போஸ்டர்களில் ஏராளமானவை சிவகாசி அச்சகங்களில் பிறந்தவை. 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இந்த மூன்று தொழிலிலும் வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு தலைகீழ்ப் பாடம். அது குரோஸ். ஒரு குரோஸ் என்றால் 144. எத்தனை குரோஸ் முடித்தாயோ அத்தனைக்குக் கூலி. கை வேகமாக ஓடினால் காசு, கை வலித்தால் காசு இல்லை. மாதச் சம்பளம் என்ற சொல்லே பல வீடுகளுக்கு அந்நியம்.

அந்தக் கணக்கில் குழந்தைகளும் சேர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. விடிவதற்கு முன்பே கிராமத்துக்கு வரும் ஆலை பஸ்ஸில் தூங்கி வழிந்த பிள்ளைகளைச் சலம் பென்னுர்கர் 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சிவகாசியின் பெயரோடுதான் நினைவுகூரப்படுகிறது. பிறகு பள்ளிக்கூடம் ஜெயித்தது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் என்று விருதுநகர் மாவட்டம் பல வருடங்கள் தலைநிமிர்ந்து நின்றது.

'நாங்கதான் மருந்துல கைய விட்டோம், நீயாவது படிச்சு வெளியூர் போ' என்பது இந்தப் பக்கத்துப் பெற்றோரின் பொதுவான ஆசை. அதற்குக் காரணமும் இருக்கிறது. 'பீட்சா' வெளியாவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்பு, 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. உதவிக்கு ஓடிய ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அந்த வருடத் தீபாவளி இந்தக் கிராமங்களில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தும், பேரியம் உப்புகளைத் தடை செய்தும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. படிக்காதவர்கள் மட்டுமல்ல, படித்த பிள்ளைகளும் பஸ் ஏறினார்கள்.

பஸ் ஏறி சென்னைக்கு வந்த ஒருவனுக்கு முதலில் கிடைக்கக்கூடிய வேலைகளில் ஒன்று என்ன? ஒரு பைக்கும் ஒரு போனும் ஒரு லைசென்ஸும் இருந்தால் போதும், மறுநாளே டெலிவரி வேலை தொடங்கிவிடலாம். நேர்முகத் தேர்வு இல்லை, சிபாரிசு வேண்டாம். கூலி? எத்தனை ஆர்டர் முடித்தாயோ அத்தனைக்கு. வண்டி ஓடினால் காசு, வண்டி படுத்தால் காசு இல்லை.

பாட்டி பார்த்தால் ஒரே நொடியில் புரிந்துகொள்வாள். இது குரோஸ் கணக்கு. என்ன, கணக்கப்பிள்ளை மட்டும் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

ஏமாற்ற முதலாளியே இல்லை

விருதுநகரில் பிறந்த ஓர் இயக்குநர் இந்தக் கணக்கைப் படமாக்கினார். அவர் வசந்தபாலன். ஷங்கரிடம் உதவி இயக்குநராக இருந்தவர். 2006-ல் அவர் எடுத்த 'வெயில்' விருதுநகரின் காய்ந்த தெருக்களைத் தமிழ் சினிமாவுக்கு அறிமுகம் செய்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. 2010-ல் 'அங்காடித் தெரு'. ரங்கநாதன் தெருக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் காதல். சூபர்வைசர் பார்க்காத அரை நிமிஷத்தில் பேசிக்கொள்ளும் ஜோதிலிங்கத்தையும் கனியையும் யார் மறக்க முடியும்?

பிறகு, தன் பள்ளிக்கால நண்பர்களோடு சேர்ந்து 'அர்பன் பாய்ஸ் ஸ்டுடியோஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார் வசந்தபாலன். அந்த நிறுவனத்தின் படமாக 2023 ஜூலை 21 அன்று வந்தது 'அநீதி'. அதன் நாயகன் திருமேனி, ஓர் உணவு டெலிவரி ஊழியன். அர்ஜுன் தாஸ் நடித்திருந்தார். இசை, 'வெயில்' படத்தில் வசந்தபாலனே அறிமுகப்படுத்திய ஜி.வி.பிரகாஷ்குமார்.

மைக்கேலையும் திருமேனியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பதினோரு வருடத்தில் ஒரு வேலை எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும்.

மைக்கேலுக்குக் கடை இருக்கிறது. அங்கே உட்கார ஓர் இடம், கூடச் சேர்ந்து டீ குடிக்க சக ஊழியர்கள், திட்டுவதற்கு ஒரு முதலாளி. அந்த முதலாளிக்கு ஒரு வீடு, ஒரு மகள், ஒரு பயம். அதனால் அவரை ஏமாற்றவும் முடிந்தது.

திருமேனிக்குக் கடை இல்லை. வேலை சொல்வது ஒரு செயலி. அதற்கு முகம் கிடையாது, மகள் கிடையாது, பேய் பயம் கிடையாது. எவ்வளவு அழகான கதை சொன்னாலும் அது கேட்காது. அவமானங்கள் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் காத்திருக்கின்றன. லிஃப்ட்டில் ஏறக் கூடாது, தாமதமானால் வசவு, சட்டையைப் பார்த்து ஒரு முகச்சுளிப்பு. யாரிடம் முறையிடுவது என்றே தெரியாத கோபம் திருமேனிக்குள் ஒரு மனநோயாகவே உறைந்துவிடுகிறது. மட்டம் தட்டுகிறவர்களைக் கொன்றுவிடும் வெறி எழ, அதை அடக்க மருத்துவரிடம் போகிறான். மைக்கேலின் கற்பனை பேயை உண்டாக்கியது. திருமேனியின் கற்பனை கொலைகளை உண்டாக்குகிறது.

அவனுக்கும் ஒரு காதல் வருகிறது. படத்திலேயே மென்மையான பகுதி அதுதான். அவன் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பணக்கார வீட்டில் தங்கி வேலை செய்யும் சுப்புலட்சுமி. துஷாரா விஜயன் நடித்திருந்தார். அவன் கதவுக்கு வெளியே நிற்கிறான், அவள் கதவுக்கு உள்ளே நிற்கிறாள். ஆனால் அந்தக் கதவு இரண்டு பேருக்குமே சொந்தமில்லை. அந்த வீட்டுச் சாப்பாடு அவன் கொண்டுவந்தது, அவள் எடுத்து வைப்பது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் வேறு யாரோ.

இதே சந்திப்பை ஒரு காதல் காமெடியாக வளர்த்திருக்க முடியும். பொய்யான ஆர்டர், மாறிப்போன பார்சல், மழைக்கு ஒதுங்கிய நேரம் என்று காட்சிகள் தானாக வந்து விழும். முதல் பாதியில் அதன் சாயல் இருக்கவும் செய்கிறது. ஆனால் வசந்தபாலன் அந்தப் பாதையில் நெடுந்தூரம் போகவில்லை. காளி வெங்கட் நடித்த அப்பாவின் கடந்த காலமும், அந்தப் பணக்கார வீட்டின் அதிகாரமும் கதையைப் பழிவாங்கலுக்கு இழுத்துப் போய்விடுகின்றன.

பறக்கத் தெரிந்தவனுக்கே லேட்!

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. 2004-ல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' ஆரம்பக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? பீட்டர் பார்க்கர் பீட்சா டெலிவரி செய்கிறான். 29 நிமிட உத்தரவாதம். வண்டி போதாமல் உடையை மாட்டிக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் தாவிப் போகிறான். அப்படியும் தாமதம். பீட்சாவுக்குக் காசும் கிடைக்கவில்லை, வேலையும் போய்விட்டது. வானத்தில் பறக்கத் தெரிந்தவனாலேயே நேரத்துக்குப் போக முடியவில்லை என்றால், சிக்னலில் நிற்கும் மனிதன் என்ன செய்வான்? காதலி மேரி ஜேனின் நாடகத்துக்கும் அவன் தாமதமாகவே போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறான். அந்தப் படத்தில் வில்லனைவிடப் பெரிய எதிரி, கடிகாரம்.

நிஜத்தில் அமெரிக்காவின் டொமினோஸ், 30 நிமிட உத்தரவாதத்தை 1993-லேயே கைவிட்டது. அவசரத்தில் நடந்த விபத்துகளும், அதைத் தொடர்ந்து வந்த வழக்குகளும்தான் காரணம். இந்தியாவில் அந்த நிறுவனத்தின் முதல் கடை திறந்தது 1996-ல். அங்கே விடைபெற்ற வாக்குறுதி, இங்கே 'இல்லாவிட்டால் இலவசம்' என்று பல வருடங்கள் விளம்பரமாக ஓடியது.

பிரிட்டன் இயக்குநர் கென் லோச்சின் 'சாரி வி மிஸ்டு யூ' 2019-ல் வந்தது. வீட்டில் ஆள் இல்லாதபோது கூரியர்காரர் விட்டுப்போகும் அட்டையில் இருக்கும் வாசகம்தான் படத்தின் பெயர். பார்சல் வேன் ஓட்டும் அப்பாவும், முதியோரைக் கவனிக்கப் போகும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள நேரம் இல்லாமல் தவிக்கும் கதை. 2023-ல் தியேட்டருக்கு வந்த நந்திதா தாஸின் இந்திப் படம் 'ஸ்விகாட்டோ'. புவனேஸ்வரில் ஃபேக்டரி வேலையை இழந்து டெலிவரிக்கு வந்த குடும்பத் தலைவனாக நடித்தவர், ஊரையே சிரிக்கவைக்கும் கபில் ஷர்மா. அவரையே நடிக்கவைத்தும், படம் வாய்விட்டுச் சிரிக்கும் காமெடியாக மாறவில்லை.

ஏன் இப்படி? டெலிவரி இளைஞன் காதலிக்கக் கூடாதா, சிரிக்கக் கூடாதா?

காரணம் எளிமையானது. காதல் காமெடிக்கு மூலப்பொருள் நேரம். பஸ் ஸ்டாப்பில் காத்திருக்க வேண்டும், காபி ஆறும் வரை பேச வேண்டும், சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட வேண்டும். பாக்யராஜ் படத்து நாயகர்களுக்கு அது கணக்கில்லாமல் இருந்தது. டெலிவரி வேலை செய்பவர் விற்கும் சரக்கே அந்த நேரம்தான். உணவு வேறு யாரோ சமைத்தது, செயலி வேறு யாரோ எழுதியது, அவருடையது என்று சொல்ல அந்த முப்பது நிமிடம் மட்டுமே இருக்கிறது. அதையும் விற்றாகிவிட்டது. வாசலில் நிற்கும் அரை நிமிடத்தில் ஒரு புன்னகை வரலாம். காதல் வளர அது போதாது.

அதனால்தான் இரண்டு தமிழ்ப் படங்களும் வேறு வழி தேடின. கார்த்திக் சுப்புராஜ், கதை தொடங்கும் முன்பே காதலைக் கைகூட வைத்துவிட்டார். மைக்கேல் யாரையும் துரத்த வேண்டியதில்லை, அனு வீட்டிலேயே இருக்கிறாள். வசந்தபாலன், காதலியையும் இன்னொருவர் வீட்டில் வேலை செய்பவளாக்கி, இரண்டு பேரின் திருட்டு நேரத்தையும் ஒரே வாசலில் சந்திக்க வைத்தார்.

வாரியமும் வாசலும்

இந்த நேரத்துக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்ற பேச்சு, சினிமாவுக்கு வெளியேயும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி 2020-21-ல் இந்தியாவில் இப்படிப்பட்ட 'கிக்' தொழிலாளர்கள் 77 லட்சம் பேர். 2029-30-ல் இது 2.35 கோடியாகும் என்பது அதன் கணிப்பு. 'அநீதி' வெளியாகி ஒரு மாதம் முடிவதற்குள், 2023 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர தின உரையில் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அந்த ஆண்டு இறுதியில் வாரியமும் அமைந்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி, டெலிவரி ஊழியர்கள் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார ஏ.சி. ஓய்வறைகளைத் திறந்தது.

உட்கார ஓர் இடம். மைக்கேலுக்கு அது கடையிலேயே இருந்தது. திருமேனியின் தலைமுறைக்கு அதை அரசாங்கம் கட்டித்தர வேண்டியிருக்கிறது. அங்கே போனை சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் 'உனக்கு எந்த ஊருப்பா?' என்று கேட்கவாவது பத்து நிமிடம் கிடைக்கும். 'சாத்தூர் பக்கம்ண்ணே' என்று பதில் வந்தால் பேச்சு காராச்சேவில் தொடங்கி எங்கெங்கோ போகும். கதைகள் பிறப்பது அப்படித்தான். கார்த்திக் சுப்புராஜ் ஏழை இளைஞனின் ஒரே சொத்தாகக் காட்டியதும் கதையைத்தானே?

சிவகாசிப் பெண்கள் குரோஸ் கணக்கில் கைவிரல் தேய உழைத்துத் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் அதே கணக்குக்குள் வேறு நகரத்தில் வந்து விழுந்துவிடக் கூடாது என்பதுதான் இங்கே உண்மையான பந்தயம். வாரியமும் சட்டமும் செய்ய வேண்டியது நிறைய. நம்மால் இன்றைக்கே முடிவதும் ஒன்று உண்டு. பெல் அடித்து நிற்கிறவர் ஐந்து நிமிடம் தாமதம் என்றால், வரைபடத்தில் நகரும் புள்ளியைத் திட்டாமல் இருப்பது. சின்ன பைக் படத்துக்குப் பின்னால் ஒரு மைக்கேல் இருக்கலாம், அவனுக்காக வீட்டில் ஓர் அனு பேய்க் கதை எழுதிக்கொண்டிருக்கலாம்.

டெலிவரி ஊழியரைப் பற்றி முழுக்க முழுக்கச் சிரிக்கவைக்கும் ஒரு காதல் படம் தமிழில் ஒரு நாள் வரும். பெரிய பட்ஜெட் தேவைப்படாது. ஒரு பைக், ஒரு வாசல், இரண்டு நல்ல நடிகர்கள் போதும். அந்த நாயகனுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்திருந்தால், திரைக்கதை எழுதுகிறவருக்கும் வேலை சுலபம்.